வயிறு குழம்பும் முயல்குட்டிக்கு என்ன கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் முயல்குட்டி, வந்த நான்காம் நாளே வயிறு குழம்பிச் சுருண்டு படுத்துவிட்டது. விற்றவர் இரண்டு மாதக் குட்டி என்று சொல்லியிருந்தார். உண்மையில் அதற்கு ஐந்து வாரத்துக்கு மேல் இருந்திருக்காது என்பதும், அதுவரை அது கோழித் தீவனத்தைத் தின்றே வளர்ந்தது என்பதும் பிறகுதான் தெரியவந்தன. அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு திருகோணமலையில் தெரிந்தவர்கள் எவராவது முயல் வாங்கினால் என்னிடம் கேட்டுச் செல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்கப்பட்டவையே கீழே உள்ள கேள்விகள். நான் மிருக வைத்தியர் இல்லை. ஆகையால் மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை.

முயலின் வயிறு மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் குழம்புகிறது?

முயலின் செரிமானத்தில் பெரும்பகுதி இரைப்பையில் நடப்பதில்லை. சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் நடுவில் பை போலப் பருத்துக் கிடக்கும் குருட்டுக்குடலில்தான் நடக்கிறது. குடல் முழுவதிலும் உள்ள உணவில் ஏறத்தாழ 40 வீதம் இந்த ஒரு பைக்குள்ளேயே இருக்கும். அங்கே வாழும் பக்டீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் புல்லின் நாரை நொதிக்கச் செய்து முயலுக்குச் சத்தாக்கித் தருகின்றன. முயலுக்கு உணவூட்டுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், நாம் உணவூட்டுவது உண்மையில் இந்த நுண்ணுயிர்களுக்குத்தான். அவை நாருக்குப் பழகியவை. சீனியும் மாப்பொருளும் திடீரென்று அதிகமாக வந்து சேர்ந்தால் நல்ல நுண்ணுயிர்கள் ஒடுங்கி, நஞ்சை உண்டாக்கும் பக்டீரியாக்கள் பெருகி, வாயு சேர்ந்து, குடலின் அசைவே நின்றுபோகக்கூடும். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. ஆகவே உள்ளே போன தவறான உணவு குடல் முழுவதையும் கடந்தே வெளியேற வேண்டும்.

குட்டிகளின் நிலை இன்னும் இக்கட்டானது. வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் மிகக் கடுமையாக இருக்கும். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடும். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அந்த அமிலம் குறைவு. தாய்ப்பாலே அதற்குக் காவல். பால் நின்று, அமிலம் இன்னும் கூடாமல், குருட்டுக்குடலின் நுண்ணுயிர்களும் நிலைபெறாமல் இருக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான் குட்டிகள் அதிகம் இறக்கின்றன. நாம் கடையில் வாங்குவதும் அநேகமாக அந்த வாரங்களில்தான்.

தாயிடமிருந்து எந்த வயதில் பிரிக்கலாம்?

எட்டு வாரம் நிறைந்த பிறகு. கண் திறந்து, புல்லைக் கொறிக்கத் தொடங்கிவிட்டால் போதும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. குட்டிக்குக் கண் திறப்பது பத்தாம் நாள் அளவில். கொறிக்கத் தொடங்குவது மூன்றாம் வாரத்தில். இந்த இரண்டையும் வைத்துப் பிரிக்கும் வயதைக் கணக்கிட முடியாது. தாய் முயல் நாளுக்கு ஒரு தடவையோ இரு தடவையோ, அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தாய் கவனிப்பதில்லை என்று எண்ணிக் குட்டிகளை முன்கூட்டியே பிரித்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் என்ன கொடுக்க வேண்டும்?

அது முன்பு தின்ற அதே உணவையே கொடுக்க வேண்டும். அந்த உணவு சரியில்லாததாக இருந்தாலும் ஒரே நாளில் நிறுத்திவிடக்கூடாது. குட்டியை வாங்கும்போதே இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதே தீவனத்தில் அரைக் கிலோவை உடன் வாங்கி வருவது நல்லது. புது இடம், புது மணம், தாயைப் பிரிந்த அச்சம் ஆகியவையே குடலின் அசைவைக் குறைக்கப் போதுமானவை. அதற்கு மேலே புது உணவையும் சேர்த்தால் எது வயிற்றைக் குழப்பியது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

முதல் மூன்று நான்கு நாட்களுக்குப் பழைய தீவனம், வேண்டிய மட்டும் உலர்புல், தண்ணீர் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பின் புதுத் தீவனத்தைக் காற்பங்கு கலந்து தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் முழுவதுமாக மாற்றலாம். எங்கள் குட்டியிடம் நான் செய்த முதல் பிழை இந்த இடத்தில்தான். கோழித் தீவனம் கூடாது என்று அறிந்த அன்றே அதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிடி கங்குன் கீரையையும் அரைக் கரட்டையும் வைத்தேன். குட்டி ஆவலோடு தின்றது. மறுநாள் விடியும்போது பின்கால் உரோமம் முழுவதும் நனைந்து ஒட்டியிருந்தது.

வயிறு சரியாக இருக்கிறதா என்பதை எதை வைத்து அறிவது?

புழுக்கையை வைத்துத்தான். நலமான குட்டியின் புழுக்கை உருண்டையாக, அளவில் ஒத்ததாக, உலர்ந்து இருக்கும். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் மரத்தூள் போல உதிர்ந்து, உள்ளே வைக்கோல் நிறத்தில் நார்த் துணுக்குகள் தெரியும். அருவருப்பாக இருந்தாலும் ஒருமுறை இதைச் செய்து பார்த்துவிட்டால், பிறகு கூட்டின் தரையைப் பார்த்த பார்வையிலேயே வேறுபாடு பிடிபட்டுவிடும். புழுக்கை சிறுத்துக்கொண்டு வந்தாலும், எண்ணிக்கை குறைந்தாலும், உருண்டைகள் உரோமத்தால் கோத்த மணிகள் போலத் தொடுத்து வந்தாலும் குடல் மந்தப்படுகிறது என்று கொள்ள வேண்டும். கூட்டின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, காலையும் மாலையும் மாற்றி வந்தால் இதைக் கவனிப்பது எளிது.

இன்னொரு வகைப் புழுக்கையும் உண்டு. குருட்டுக்குடலில் நொதித்த பகுதி, சிறு திராட்சைக் கொத்துப் போல, பளபளப்பாகவும் மென்மையாகவும் வெளியே வரும். முயல் அதைக் குனிந்து நேரே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடப்பதால் நாம் காண்பதில்லை. கண்டவர்கள் சிலர் பதறிப்போய்த் தடுக்கப் பார்க்கிறார்கள். தடுக்கக்கூடாது. புரதமும் பி வகை விற்றமின்களும் அதில் இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது அது தின்னப்படாமல் கூட்டில் கிடந்து, பின்புறத்தில் அப்பிக்கொள்ளும்போதுதான். தீவனமோ பழமோ மிகுந்து, நார் குறைந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது.

நூல்களில் எல்லாம் டிமொத்தி உலர்புல் என்று இருக்கிறது. திருகோணமலையில் அதற்கு எங்கே போவது?

போக வேண்டியதில்லை. டிமொத்தி குளிர்நாட்டுப் புல். கொழும்பில் சில செல்லப்பிராணிக் கடைகளில் சிறு பொதிகளாக விற்கப்படுவது இறக்குமதிச் சரக்கு. அந்த விலைக்கு ஒரு குட்டியை ஆண்டு முழுவதும் வளர்ப்பது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. முயலுக்குத் தேவைப்படுவது டிமொத்தி என்ற பெயர் இல்லை. நீண்ட, கரடுமுரடான நார். அது நம் வேலியோரத்தில் இருக்கிறது.

கினியாப் புல் இந்த மாவட்டத்தில் வெற்றுக் காணி எங்கும் ஆளுயரத்துக்கு வளர்கிறது. பூக்கதிர் வருவதற்கு முன், தண்டு முற்றிவிடாத பருவத்தில் அறுத்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வலை மேல் மெல்லியதாகப் பரப்பி, தினமும் புரட்டிவிட வேண்டும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இரண்டு நாளிலேயே காய்ந்துவிடும். வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். நிறம் பசுமை கலந்து இருக்க வேண்டும். முகர்ந்தால் தேயிலை போன்ற ஒரு மணம் வர வேண்டும். கடும் வெயிலில் கிடந்து வெளிறிய புல்லை முயல் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்கள் வளர்க்கும் சீஓ 3 புல்லும் உதவும். அதன் தடித்த தண்டை விட்டு இலைகளை மட்டும் காய வைப்பது நல்லது.

அறுகம்புல் எனக்குத் தெரிந்த அளவில் குட்டிகள் மிக விரும்பித் தின்னும் புல். பிள்ளையார் கோயிலில் சாத்திய அறுகம்புல் மாலையை வீட்டுக்கு எடுத்துவந்து முயலுக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரசாதம் என்றாலும் குங்குமமும் சந்தனமும் எண்ணெயும் பட்ட புல் குட்டியின் வயிற்றுக்கு ஏற்றதில்லை. சாத்துவதற்கு முன்பே ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். கூட்டில் படுக்கையாக விரிக்கவும், இடையிடையே கொறிக்கவும் அது போதும். ஆனால் சத்து மிகக் குறைவு என்பதால் வளரும் குட்டிக்கு முதன்மை உணவாக்க முடியாது. எந்த மருந்து அடித்த வயலிலிருந்து வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புல் அறுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வீதியோரம், களைகொல்லி அடித்த வேலி, நாய்கள் நடமாடும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நகரத்துப் புள்ளிமான்கள் மேயும் கோட்டைப் பக்கத்துப் புல்லைச் சிலர் அறுத்து வருகிறார்கள். மான் தின்றால் முயலும் தின்னலாம் என்பது அவர்கள் எண்ணம். மான் அசைபோடும் பிராணி, அதன் வயிறு வேறு. அந்த மான்கள் குப்பை மேட்டில் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். கைப்பிடிப் புல்லோடு தொட்டாற்சுருங்கி, நாயுண்ணி, எருக்கு, இப்பிலிப்பில் இலை போன்றவை கலந்து வரவும் இடமுண்டு. வீட்டுக்கு வந்ததும் பிரித்துப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

மாரி மழையில் புல்லைக் காய வைக்க முடிவதில்லையே?

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்குமான புல்லை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே சேர்த்துவிட வேண்டும். காற்றுப் புகும் சணல் சாக்கில் அடைத்து, சுவரில் படாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை மேல் வைத்தால் நிற்கும். உரப் பையிலோ பொலித்தீன் பையிலோ கட்டி வைத்தால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்த புல்லை உதறி, வெயிலில் போட்டுத் திரும்பக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, பூஞ்சணத்தின் நஞ்சு வெயிலில் போகாது. சேர்த்த புல் தீர்ந்துவிட்டால் பச்சைப் புல்லையே நாரின் மூலமாகக் கொடுக்கலாம். ஆனால் அதற்கும் பத்து நாட்களில் மெல்ல மெல்லப் பழக்கியிருக்க வேண்டும்.

ஈரப் புல் தின்றால் வயிறு ஊதிவிடும் என்பது உண்மையா?

நீர் பட்டதால் மட்டும் ஊதுவதில்லை. கழுவிய புல்லைத் தின்ற முயல்கள் நலமாகவே இருக்கின்றன. ஈரமாகக் குவித்து வைத்த புல் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறி நொதிக்கத் தொடங்கும். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். வயிற்றைக் கெடுப்பது அந்தப் புல்தான். புல்வெட்டும் இயந்திரம் நறுக்கித் தள்ளிய புல்லும் இவ்விதமே விரைவாக நொதிக்கும் என்பதால் அதைக் கொடுக்கவே கூடாது.

கடையில் விற்கும் குறுணைத் தீவனம் (முயலுக்கான பெலட்) எவ்வளவு கொடுக்கலாம்?

நலமான குட்டிக்கு ஐந்தாறு மாதம் வரை குறுணையைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது பொதுவான வழக்கம். வயிறு எளிதில் குழம்பும் குட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிண்ணம் எப்போதும் நிறைந்திருந்தால் அது புல்லைத் தொடாது. 800 கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரையில், காலையும் மாலையும் பாதி பாதியாகப் பிரித்து, புல்லை முதலில் வைத்து அரை மணி நேரம் கழித்துக் குறுணையை வைப்பது என் வழக்கம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை குட்டியை நிறுத்துப் பாருங்கள். எடை சீராக ஏறி, புழுக்கையும் உலர்ந்திருந்தால் அளவு சரி. எடை நின்றுவிட்டால் சற்றே கூட்டுங்கள்.

பையின் மேல் நார்ச்சத்து 18 வீதமோ அதற்கு மேலோ என்று அச்சிடப்பட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோளமும் சூரியகாந்தி விதையும் நிறம் பூசிய துண்டுகளும் கலந்த வகை பார்வைக்கு அழகாக இருக்கும். முயல் இனிப்பானதையும் மாவானதையும் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை விட்டுவிடும். கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்கும்போது ஒரு பிடியை முகர்ந்து பாருங்கள். நம்மூர்க் கடற்காற்றில் திறந்து கிடக்கும் தீவனம் விரைவில் நமத்துப் போகிறது.

குறுணை கிடைக்காத நாளில் கோழித் தீவனம் போடலாமா?

குறுணைக்குப் பழகிய குட்டிக்கு ஒரு நாளும் கூடாது. அதில் மாப்பொருள் மிகுதி, நார் குறைவு. கோழிகளின் குடல்நோயைத் தடுக்கக் கலக்கப்படும் மருந்துகளில் சில முயலுக்கு நஞ்சு. குறுணை தீர்ந்துவிட்டால் இரண்டு நாளைக்குப் புல் மட்டும் போதும்.

கீரை எப்போது தொடங்கலாம்? எந்தக் கீரை?

நலமான குட்டிக்கே பன்னிரண்டு வாரம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு தடவை வயிறு குழம்பிய குட்டியானால், புழுக்கை தொடர்ந்து இரண்டு வாரம் ஒழுங்காக இருந்த பிறகே தொடங்க வேண்டும். தாயோடு இருக்கும்போதே கீரை தின்று பழகிய குட்டிக்கு இவ்வளவு தயக்கம் வேண்டாம். ஆனால் கடையில் வாங்கிய குட்டியின் வரலாறு நமக்குத் தெரியாது.

முதல் நாள் கட்டைவிரல் நகமளவு ஒரு கொத்தமல்லி இலை. மூன்று நாள் வரை வேறெதுவும் புதிதாகக் கொடுக்காமல் புழுக்கையைப் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லையென்றால் ஒரு காம்பு. பிறகு இரண்டு காம்பு. அது பழகிய பின் புதினா, அதன் பின் வல்லாரை. ஒரு கீரைக்கு ஒரு வாரம் என்று கணக்கு வைத்தாலும் இரண்டு மாதத்தில் ஏழெட்டு வகைகளுக்குப் பழகிவிடும். எங்கள் குட்டிக்குக் கொத்தமல்லியில் இலையை விடத் தண்டின் மேல்தான் மோகம். இலைகளை ஒதுக்கிவிட்டுத் தண்டை நூல் இழுப்பது போல வாய்க்குள் இழுத்துக்கொள்ளும்.

கங்குன், பொன்னாங்காணி, பசளி ஆகியவற்றில் ஒக்சலேற்று அதிகமுள்ளதால் அவை எப்போதாவது, சிறிதளவே. முருங்கையிலையிலும் அகத்தியிலும் புரதமும் கல்சியமும் மிகுதி; வயிறு இளகும் குட்டிக்கு அவற்றைத் தள்ளியே வைக்கலாம். கோவா சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும். வெங்காயம், உள்ளி, லீக்ஸ், உருளைக்கிழங்கு, ஆனைக்கொய்யா இவற்றைத் தொடவே விடக்கூடாது. சந்தைக் கீரையை நீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை அலசிக் கழுவி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சி போன பிறகு கொடுங்கள்.

முயல் என்றாலே கரட்தானே?

படக்கதைகளில் அப்படித்தான். கிழங்கில் சீனி அதிகம். வளர்ந்த முயலுக்கே அது இனிப்புப் பண்டம் போன்றது. நான்கு மாதம் நிறையாத குட்டிக்குத் தேவையில்லை. தழை நல்ல உணவு. ஆனால் சந்தைக்கு வரும் கரட்டில் பெரும்பாலும் அது வெட்டப்பட்டிருக்கும். வாழைப்பழம், மாம்பழம், பப்பாசி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நான்கு மாதத்துக்குப் பிறகு, ஒரு ரூபாய்க் குற்றியளவு மெல்லிய துண்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை.

பிள்ளைகளும் பெரியவர்களும் பாண், பிஸ்கட், சோறு கொடுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

அநேக வீடுகளில் வயிறு குழம்புவதற்கு உண்மையான காரணம் இதுதான். கடைசியில் தெரியவருவதும் இதுதான். நமக்குப் பசியென்றால் சோறு. அந்த அன்பில்தான் அம்மம்மா ஒரு கவளத்தைப் பிசைந்து வைக்கிறார். அவரைத் தடுத்தால் மனம் நோவார். முயல் ஆசையாகத்தானே தின்கிறது என்பார். தின்னும். பாணையும் பிஸ்கட்டையும் கச்சான் கடலையையும் கூட ஆசையாகத் தின்னும். மாப்பொருள் குருட்டுக்குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கதை மாறும். கொடுக்காதீர்கள் என்று சொல்வதை விடக் கொடுப்பதற்கு ஒன்றைக் கையில் தந்துவிடுவது எளிது. எங்கள் வீட்டில் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பனையோலைப் பெட்டியில் நறுக்கிய உலர் அறுகம்புல் இருக்கும். கொடுக்க விரும்புகிறவர் எவரும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம், எத்தனை முறையும் கொடுக்கலாம்.

பால் அல்லது தயிர் கொடுத்தால் வயிறு சீராகுமா?

பால் மறந்த குட்டிக்குப் பசுப்பால் வயிற்றோட்டத்தைத்தான் தரும். தயிர் மனிதர் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்பதால் முயலுக்கும் சட்டித் தயிரைத் தொட்டு வைக்கிறார்கள். முயலின் குடலில் இருக்க வேண்டிய நுண்ணுயிர்கள் வேறு, தயிரில் இருப்பவை வேறு. தாயை இழந்த, மூன்று வாரம் நிறையாத குட்டியின் நிலை தனி. அதற்கான மாற்றுப் பாலையும் அளவையும் மிருக வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

வெயில் காலத்தில் சரியாகத் தின்பதில்லை. இது வயிற்றுக் கோளாறா?

வெப்பமே காரணமாக இருக்கலாம். முயலுக்கு இதமான வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியஸ். 28 பாகையைக் கடந்தாலே அது திணறத் தொடங்கும். திருகோணமலையில் மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடுவது வழக்கம். தகரக் கூரையின் கீழ் இன்னும் அதிகம். வெப்பத்தில் முயல் தின்பதைக் குறைக்கும். தின்பது குறைந்தால் குடல் மந்தப்படும். இப்படித்தான் வெயில் வயிற்றுக் கோளாறாக முடிகிறது.

கூட்டை வீட்டுக்குள்ளே, சிமெந்துத் தரையில், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு போத்தலில் நீரை உறையவைத்து, துணியில் சுற்றிக் கூட்டின் ஓரத்தில் வைத்தால் குட்டி அதன் மேல் சாய்ந்து படுக்கும். முதன்மை உணவை விடியற்காலையிலும் இரவிலும் வையுங்கள். தண்ணீரைத் தொங்குபோத்தலில் மட்டும் வைக்காமல், கவிழாத கனத்த மண்சட்டியிலும் வைத்தால் அதிகம் குடிக்கும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை தேவைப்படும். கடலோரக் கிணறுகளில் நீர் உவர்த்துப் போகும் காலங்களில், நாம் குடிக்காத நீரைக் குட்டிக்கும் வைக்கக்கூடாது.

புழுக்கை இளகிவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் எது இளகியது என்று பாருங்கள். உருண்டைப் புழுக்கைகள் வழக்கம் போல இருந்து, மென்புழுக்கை மட்டும் தின்னப்படாமல் அப்பிக் கிடந்தால், குட்டியும் துள்ளித் திரிந்தால், அவசரம் இல்லை. கீரையையும் பழத்தையும் நிறுத்தி, குறுணையைப் பாதியாகக் குறைத்து, புல்லைக் கூட்டினால் சில நாளில் சீராகும். வளர்ந்த முயலுக்குப் புல் மட்டும் இரண்டு வாரம் கொடுப்பார்கள். வளரும் குட்டிக்கு அவ்வளவு நீட்டினால் எடை இறங்கிவிடும். பட்டினி போடுவது எந்த வயதிலும் தவறு.

உருண்டையே இல்லாமல் நீராகவோ கூழாகவோ சளியாகவோ போனால் அது வேறு விடயம். எட்டு வாரக் குட்டிக்கு நீர்த்த வயிற்றோட்டம் வந்தால் ஒரு நாளுக்குள் இறந்துவிடக்கூடும். நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது. குட்டியை உலர்ந்த துணியில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்து, நீரையும் புல்லையும் முன்னால் வைத்து, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். புதிய புழுக்கையில் சிறிதளவை ஒரு சுத்தமான டப்பியில் எடுத்துச் செல்லுங்கள். குட்டிகளில் குடலைத் தாக்கும் கொக்சிடியா என்னும் ஒட்டுண்ணி மிகப் பரவலானது; நுணுக்குக்காட்டியில் பார்த்தே அதை உறுதிசெய்ய முடியும். அதன் முட்டைகள் வெளியே வந்து தொற்றும் நிலையை அடைய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும் என்பதால், ஈரம் நிறைந்த மாரியில் கூட்டைத் தினமும் சுத்தம் செய்து கொதிநீர் ஊற்றுவது பாதிக் காவல்.

ஒரு இரவு முழுவதும் எதுவுமே தின்னவில்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்கக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் வளர்ந்த முயலுக்கே உயிராபத்து. குட்டிக்கு அதைவிட விரைவில். முதுகைக் கூனிக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையில் இருப்பது, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பது, காது குளிர்ந்திருப்பது ஆகியவை வலியின் அடையாளங்கள். பக்கத்தில் காதை வைத்தால் பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசை கேட்கும். தடவிக் கொடுக்கும்போது எழும் மெல்லிய பற்சத்தம் மகிழ்ச்சியால் வருவது. இது அதைவிடக் கடினமானது, ஒருமுறை கேட்டால் மறக்காது. வயிறு மேளம் போல இறுகியிருந்தால் வாயில் எதையும் வலிந்து ஊட்டாதீர்கள். அடைப்பு இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும்.

ஓமத் தண்ணீர், வீட்டில் மீந்திருக்கும் மாத்திரை?

ஓமத் தண்ணீரால் முயல் குணமானதை நான் பார்த்ததில்லை. அதைக் கொடுத்துக் காத்திருந்ததால் நேரம் வீணானதைப் பார்த்திருக்கிறேன். மனிதருக்கான வயிற்றோட்ட மாத்திரை குடலின் அசைவை நிறுத்துவதற்காகவே செய்யப்பட்டது. முயலுக்கு அசைவு நிற்பதுதான் ஆபத்து. வீட்டில் மீந்திருக்கும் அமொக்சிசிலின் பாணி இன்னும் கொடியது. பெனிசிலின் வகை மருந்துகளும் கிளின்டாமைசினும் வாய்வழி கொடுக்கப்பட்டால் குருட்டுக்குடலின் நல்ல பக்டீரியாக்களை அழித்து, நஞ்சு சுரப்பவற்றுக்கு இடம்விட்டு முயலைக் கொன்றுவிடக்கூடும். மருந்து எழுதுகிறவரிடம் இது முயல் என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள்.

எங்கே காட்டலாம்?

முதலில் பக்கத்திலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில். அங்கே அதிகம் வருவது மாடும் ஆடும் கோழியும் நாயும். ஆகவே முயல் பார்ப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மிருக வைத்திய பீடம் நாட்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலை இங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வாடிப்போன குட்டியைப் பேருந்தில் அவ்வளவு தூரம் அலைக்கழிப்பதை விட, முதலுதவியை ஊரிலேயே பெற்று, நிலைப்பட்ட பின் தேவையானால் போவதே சரி. குட்டி நலமாக இருக்கும் நாளிலேயே இந்த விசாரணையை முடித்து, இலக்கத்தை எழுதி வைத்துவிட வேண்டும்.

மூன்று நாள் வெளியூர் போக வேண்டும். அயல்வீட்டாரிடம் விட்டுச் செல்லலாமா?

விடலாம், ஆனால் வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீர்கள். நான் குறுணையை நேரத்துக்கு ஒன்றாகச் சிறு கடதாசிப் பொட்டலங்களில் கட்டி, மேலே காலை, மாலை என்று எழுதி வைத்துவிடுவேன். புல் சாக்கின் வாயைத் திறந்தே வைப்பேன். கீரைக்கும் பழத்துக்கும் அந்த மூன்று நாளும் விடுமுறை. புழுக்கை கிடக்கும் செய்தித்தாளைக் காலையும் மாலையும் கைபேசியில் படம் எடுத்து அனுப்பும்படி அயல்வீட்டு அக்காவிடம் கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் படம் அன்று இரவே வந்துவிட்டது.